வீணை அச்சும் கிற்றார் படமும்

விழா மலருக்குக் கல்லூரி நாட்களைப் பற்றி எதையேனும் எழுதித் தருக என்று மலர்க்குழுவினர் பணித்தனர். அதிபர்களைப் பற்றியும் ஆசான்களைப் பற்றியும் விளையாட்டு வீரர்களைப் பற்றியும் எழுதத் தக்கோர் பலர் உளர். ஆதலின் ஒருவரும் எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நான் கருதும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். அது இசை நிகழ்ச்சிகளுக்கு மாணவர் ஆக்கும் விளம்பரத் தாள். துண்டுப் பிரசுரம் என்பது ஏட்டு வழக்கு. நம்மவர் வாயில் அது எஞ்ஞான்றும் நோட்டீஸ்தான்.

நோட்டீசுக்கு ஓர் இலக்கணம் உண்டு. உச்சியிற் பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘சிவமயம்’. கோயிலாயின் தலத்தின் பெயர், கல்லூரியாயின் இலச்சினை. பின்னர் ஆண்டின் தமிழ்ப் பெயர், மாதம், திகதி, கிழமை. அடுத்துத் தலைமை வகிப்பவர். அவருக்கும் பின்னரே பாடுபவர் வருவார். பாடுபவர் பெயரோடு பட்டமும் வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று மீண்டவர் ‘சங்கீத பூஷணம்’. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை முற்ற முடித்தவர் ‘கலாவித்தகர்’. அதன்பின் வயலின், மிருதங்கம், கடம், முகர்சிங் என்னும் வரிசை. முகர்சிங் வாசிப்பவர் எத்துணை வல்லவராயினும் வயலின்காரருக்கு மேலே ஏறமாட்டார். நாதஸ்வரக் கச்சேரியில் மட்டும் ‘ஸ்பெஷல் தவில்’ என்றொரு தனி வரி உண்டு. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் பெயர் அவ்வரியில் நின்றுவிட்டால், நாதஸ்வரம் யார் என்று கேளாமலே சனம் திரண்டது. இலக்கணம் புறனடைக்கும் இடம் வைத்தே இருந்தது.

ஆனால் அந்த இடமும் எல்லோர்க்கும் உரியதன்று. திருவிழாவிற் பறைமேளம் ஒலித்த கோயில்களின் நோட்டீசிலும் அதை அடித்தவருடைய பெயரை நான் ஒருமுறையேனும் கண்டதில்லை. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த 1968ஆம் ஆண்டில் நான் கீழ்வகுப்பு மாணவன். ஊர் முழுவதும் வாயிலைப் பற்றியே பேசிற்று. தாளைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொப் இசை நம்மிடம் வந்தது இக்காலத்தில்தான். வானொலியே அதனை வீடுதோறும் கொணர்ந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த நாட்களிற் பாடத் தொடங்கியவர். அவருடைய ‘சின்ன மாமியே’ பாடலைத் திண்ணையில் இருந்த கிழவரும் முணுமுணுத்தனர். ‘சுராங்கனி’ பாடிய ஏ. ஈ. மனோகரன் பின்னாளில் தமிழகத்தில் ‘சிலோன் மனோகர்’ எனப் பெயர் பெற்று, 2018இற் சென்னையிற் காலமானார். சிங்களப் பைலாவின் தாளமும் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியும் கலந்த அந்தப் பாட்டுக்களைத் துள்ளிசை என்று அழகாகப் பெயரிட்டோரும் உளர். பெயர் நிலைக்கவில்லை; பொப் என்பதே நிலைத்தது.

இந்த இசைக்கு நோட்டீஸ் எழுதுவது எப்படி? 1972இல் விடுதி விழாவுக்காக ஒரு பொப் இசைக்குழு அமைத்த எங்களுக்கு இது பெருஞ் சிக்கலாயிற்று. முன்மாதிரியாகக் கையில் இருந்தவை மூன்று: கச்சேரி நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் அட்டை, கொழும்பிலிருந்து ஒருவன் கொணர்ந்த ஆங்கில இசைத்தட்டின் உறை. மூன்றாவதில் நான்கு முகங்களும் கிற்றாரும் இருந்தன. முகம் அச்சிடப் பணமில்லை. ஆகவே கிற்றாரையாவது போட்டுவிடுவோம் என்று பட்டினத்தில் ஓர் அச்சகத்துக்குச் சென்றோம். அச்சுக்கோப்பவர் தமது மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். வீணை உண்டு, குத்துவிளக்கு உண்டு, பூரண கும்பமும் மயிலும் உண்டு; கிற்றார் இல்லை. புதிதாக ‘புளொக்’ செய்வதென்றால் எங்கள் விழாப் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். ‘தம்பியவை, வீணையும் நரம்பு வாத்தியந்தானே’ என்றார் அவர். இவ்வாறு வீணைப் படத்தின் கீழ்ப் பொப் இசை விருந்து என்று இளஞ்சிவப்புத் தாளில் வெளிவரவிருந்தது எங்கள் நோட்டீஸ். பொறுப்பாசிரியர் ‘பொப்’ என்ற சொல்லை அடித்து ‘மெல்லிசை’ என்று திருத்தியதனால் அந்த முரணும் நீங்கிற்று. அச்சிட்டு வந்த தாளைப் பார்த்தால் சரஸ்வதி பூசைக்குரியது போலவே இருந்தது.

எங்களுக்கு மனம் ஆறவில்லை. பரீட்சை வினாத்தாள் பெருக்கும் றோணியோ யந்திரத்தில் இரண்டாவது நோட்டீஸ் ஒன்று எடுக்க அனுமதி பெற்றோம். இளைய வாசகருக்காக அதன் செய்முறையைச் சிறிது கூறுகின்றேன். மெழுகு பூசிய மெல்லிய ஸ்ரென்சில் தாளில் இரும்புமுனை எழுதுகோலாற் கீற வேண்டும். கீறிய இடத்தில் மெழுகு விலகும். அவ்வழியே மை கசிந்து வெள்ளைத் தாளிற் படியும். அழுத்திக் கீறினால் தாள் கிழியும். வட்டமுள்ள எழுத்துக்களே அதிகம் துன்பந் தருபவை; ‘ண’வும் ‘ற’வும் ‘ஐ’யும் நடுவிற் பொத்துக்கொண்டு மைக்குட்டையாகிவிடும். பெரிய பரப்பைக் கருமையாக நிரப்பவும் இயலாது. ஆதலின் எங்கள் கிற்றார் வெறுங் கோடுகளால் ஆன கிற்றார். ஆறு நரம்புகளுக்கு இடம் போதாமல் நான்கே கீறினோம்.

பெயர் வரிசையிலேதான் வழக்கு எழுந்தது. எங்கள் குழுவிற் பொங்கோ அடித்த நண்பனுடைய தகப்பனார் பறைமேளக் கலைஞர். கச்சேரி இலக்கணப்படி பார்த்தாலும் தாளக்காரன் கடைசியில் நிற்க வேண்டியவன். அவன் கடைசியில் நின்றால் அது தாளத்தினால் வந்த கடைசி என்று யாரும் எண்ணப் போவதில்லை. இதனை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுள் ஒருவன், கணிதத்தில் வல்லவன், பெயர்களை அகரவரிசையில் இடுவோம் என்றான். நண்பனின் பெயர் அகரத்தில் தொடங்குவது. ஏழு பெயர்களும், பட்டம் எதுவுமின்றி, ‘செல்வன்’ என்ற ஒரே அடைமொழியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பொங்கோ முதலாவது, பாடுபவன் ஐந்தாவது. பொறுப்பாசிரியர் தாளை நெடுநேரம் பார்த்தார். ‘பாடுகிறவன் ஏன் கீழே நிற்கிறான்?’ என்றார். ‘அகரவரிசை, சேர்’ என்றோம். வேறொன்றும் கேளாது ஒப்பமிட்டார். உச்சியிற் பிள்ளையார் சுழி இருந்தது, இலச்சினை இருந்தது, திகதியும் தமிழ் மாதமும் இருந்தன. நோட்டீஸ் இலக்கணத்தில் ஒரே ஒரு விதிதான் மாறியிருந்தது. கிற்றார் படத்தைப் பார்த்துச் சிரித்தவர் பலர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர் கவனித்தார். நண்பனின் தகப்பனார் அத்தாளைத் தம் திருநீற்றுக் குடுக்கையோடு வைத்திருந்தார் என்று பின்னாளில் அறிந்தேன்.

இந்த ஸ்ரென்சில் நினைவு எனக்கு மீண்டது இலண்டனில் வாழும் என் பேத்தி காட்டிய ஓர் இசைத்தட்டு உறையினால். அதனை ஆக்கியவர் மாதங்கி அருட்பிரகாசம். 1975இல் இலண்டனிற் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இங்கே வளர்ந்து, 1986இல் அகதியாக இலண்டனுக்கு மீண்டவர். அங்கே சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியிற் பயின்றார். 2000ஆம் ஆண்டில் ‘இலாஸ்ரிக்கா’ என்னும் ஆங்கிலக் குழுவின் இரண்டாவது இசைத்தொகுதிக்கு உறை ஆக்கினார். பின்னர்த் தாமே பாடத் தொடங்கினார். அவருடைய ‘கலாங்’ என்னும் முதற்பாட்டு 2003இல் ஐந்நூறு தட்டுக்களாக மட்டும் வெளிவந்தது. 2005இல் வந்த முதல் தொகுதிக்குத் தந்தையாரின் இயக்கப் பெயரையே ‘அருளர்’ என இட்டார். 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயாரின் பெயர், ‘கலா’.

‘அருளர்’ உறையை நான் பலமுறை உற்று நோக்கினேன். பொப் உறையின் முதல் விதி பாடகியின் முகம். அது அங்கே நடுவில் உள்ளது. ஆனால் முகத்தைச் சூழ்ந்து, பூங்கொடிச் சித்திரம் இருக்க வேண்டிய ஓரங்களில், டாங்கிகளும் குண்டுகளும் துப்பாக்கிகளும் பல வண்ணத்தில் நிற்கின்றன. தெருச் சுவர்களில் வெட்டுத்தாள் வைத்து மை விசிறும் முறையிலிருந்து வந்த கைவண்ணம் அது. அதுவும் ஸ்ரென்சில்தான். அங்கும் எழுத்தின் வட்டம் கழன்று விழாதிருக்கப் பாலம் விட்டு வெட்ட வேண்டும்.

எனக்கு அவ்வுறை முதலிற் பிடிக்கவில்லை. அந்த டாங்கியின் ஓசைக்குப் பதுங்கு குழியில் இருந்தவர்களுக்கு அது அலங்காரமாகத் தோன்றாது. அவர் சூடிய எம்.ஐ.ஏ. என்னும் மேடைப் பெயரும் ஆங்கிலப் படைத்துறையில், போரிற் காணாமற்போனவர் என்பதற்கு வழங்கும் முதலெழுத்துக் குறுக்கம். காணாமற்போன மகனின் படத்தை ஏந்தித் தெருவோரம் நிற்கும் தாய்மார் உள்ள ஊரில் அதை இலேசாக உச்சரிக்க முடியவில்லை. பேத்தியோ, ‘அப்பப்பா, இலண்டனில் யாரும் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்கவே இல்லை, இந்த மட்டையைப் பார்த்துத்தான் கேட்டார்கள்’ என்றாள். அவள் சொல்லியதை மறுக்க என்னிடம் விடை இல்லை. ஆயினும் டாங்கியைப் பற்றிய என் எண்ணம் மாறவுமில்லை.

இன்று நம்மூர் மாணவர் பாட்டொன்றை யூரியூப்பில் ஏற்றுமுன் கைப்பேசியிலேயே விளம்பரம் ஆக்கிவிடுகின்றனர். மையுமில்லை, கிழியும் தாளுமில்லை. வந்து சேர்வன எல்லாவற்றையும் பார்க்கின்றேன். பெரும்பான்மையன சென்னைச் சினிமாவின் முதற்பார்வைச் சுவரொட்டியைப் பின்பற்றுவன: முதுகு காட்டி நிற்கும் இளைஞன், புகை, சாய்ந்த எழுத்து. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே பாட்டின் பெயர் இருக்க, ஆக்கியோர் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தில் நெருங்கி நிற்பது ஏனோ அறியேன். ஆயினும் அந்த அடிவரியிலே ஒலிப்பதிவு செய்தவர், ஒளி பிடித்தவர், வீடு தந்தவர், தேநீர் தந்தவர் எல்லோரும் இருக்கின்றனர். அண்மையில் வந்த ஒன்றிற் பறை வாசித்தவரின் பெயர் பாடியவரின் பெயருக்கு நேரே, அதே அளவு எழுத்தில் இருந்தது. அகரவரிசைத் தந்திரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் றோணியோ நோட்டீஸ் என்னிடம் இல்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுச் சென்ற பெட்டியில் அது இருந்தது. மீண்டபோது பெட்டியும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். நோட்டீசுகளை எந்த நூலகமும் நூலென்று எண்ணியதில்லை. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் மின்னூலகம் இப்பொழுது அழைப்பிதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் படமெடுத்துப் பேணுகின்றது. பழைய மாணவர் யாரேனும் தம் வீட்டுப் பரணில் இளஞ்சிவப்புத் தாளொன்றையோ, நான்கு நரம்புக் கிற்றார் கீறிய வெள்ளைத் தாளொன்றையோ காண நேரின், மடிப்பை நீக்காமல் என்னிடமோ மலர்க்குழுவினரிடமோ சேர்ப்பியுங்கள். முதற்பெயர் அகரத்தில் தொடங்கினால் அது எங்களுடையதுதான்.