மூத்தம்மாவின் தண்ணீர்ப் போத்தல்

வயது போனவர்களிடம் சுகம் விசாரித்தால் எங்கள் ஊரில் வரும் பதில் ஒன்றுதான்: "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இரிக்கன்." முழங்கால் வீங்கியிருந்தாலும் அதே பதில். இரவு முழுவதும் நித்திரை இல்லாவிட்டாலும் அதே பதில். இறைவனைப் புகழ அந்தப் பதில் போதும். வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள அது போதாது என்பது, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், கடலை அண்டி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மா கல்யாணம் முடித்தபோது மூத்தம்மா தான் இருந்த வீட்டை உம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் சின்ன விறாந்தையும் கட்டிக்கொண்டு அங்கே போனார். மூத்தாப்பா மௌத்தாகி ஏழு வருடங்கள். சாப்பாடும் பேச்சும் எங்களோடுதான். படுக்கை மட்டும் அந்த அறையில். "என்ட அறை, என்ட கட்டில்" என்பார். அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

மூத்தம்மாவுக்கு வயது 74. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை கிளினிக். உம்மா ஆசிரியை என்பதால் ஒவ்வொரு கிளினிக் நாளும் லீவு எடுக்க வேண்டியிருந்தது. என் பரீட்சை முடிந்ததும் அந்த வேலை எனக்கு வந்தது. சுபஹ் தொழுத கையோடு ஓட்டோவில் போய் நம்பர் எடுக்க வேண்டும். பிறகு பிரஷர் பார்க்கும் வரிசை, டொக்டரைக் காணும் வரிசை, குளிசை எடுக்கும் வரிசை. வீட்டுக்கு வர ளுஹர் ஆகிவிடும். ஆனால் ஒரு சதமும் செலவில்லை. ஒரு மாதக் குளிசையை வெளியே பாமசியில் விலை கேட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதை அடைந்தவர் முதியவர். பிரதேச செயலகத்தில் அவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அதைக் காட்டி வரிசையில் முன்னுரிமை கேட்கலாம். மூத்தம்மாவின் பையில் அந்த அட்டை பத்திரமாக இருக்கிறது. ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. "முன்னால நிக்கிறவங்க எல்லாம் என்னை விடக் கெழவிகள்" என்பார். அவர் சொல்வதும் சரிதான். அந்த வரிசையில் அட்டை இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 12.4 சதவீதமானோர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள்.

கிளினிக் கொப்பியில் எல்லாம் இருக்கும். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நிறை எவ்வளவு, எந்தக் குளிசை எத்தனை. இரண்டு மாதங்களில் அந்தக் கிறுக்கல் எழுத்தை வாசிக்கப் பழகிவிட்டேன். மூன்றாம் மாதம் தலைச்சுற்று தொடங்கியது. சுபஹுக்கு எழும்பும்போது கண் இருட்டுகிறது என்றார். ஒருநாள் கட்டிலிலிருந்து எழும்பியவர் அப்படியே சுவரோடு சரிந்துவிட்டார். அல்லாஹ் காப்பாற்றினான். நெற்றியில் ஒரு கீறலோடு போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வீடே ஒரு வைத்தியசாலை ஆனது. பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார். சாச்சா, பிரஷர் கூடிவிட்டது, குளிசையைக் கூட்ட வேண்டும் என்றார். பெரியம்மா, பிரஷர் குறைந்துவிட்டது, குளிசையை நிறுத்த வேண்டும் என்றார். கட்டாரிலிருந்து மாமா வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள். எல்லோருடைய சொல்லையும் ஒரே கிழமையில் கேட்டிருந்தால் மூத்தம்மா என்ன ஆகியிருப்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கிளினிக்கில் அன்று இருந்தவர் இளம் பெண் டொக்டர். தாய்மொழி சிங்களம். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் கேட்டார், இடைவெளியை நான் நிரப்பினேன். மூத்தம்மாவைப் படுக்கவைத்து ஒருதரம் பிரஷர் பார்த்தார். பிறகு எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தார். படுத்திருக்கும்போது மேல் அளவு 142. நின்றதும் 114.

"அம்மா, தண்ணி எவ்வளவு குடிக்கிறது?"

"நல்லாக் குடிக்கன் மகள்."

டொக்டர் என்னைப் பார்த்தார். சலத்தைச் சோதிக்க ஒரு துண்டு எழுதித் தந்துவிட்டு, "வீட்டில நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். மூத்தம்மாவின் கட்டிலருகே ஒரு லீற்றர்ப் போத்தல் இருக்கும். மஃரிபுக்கு நான் நிரப்பி வைப்பேன். பேனையால் அதில் கோடு போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் கோட்டை விட்டு ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. மூன்று நாளும் அப்படித்தான். பகலில் குளிசை விழுங்க ஒரு மிடறு, சோற்றோடு கொஞ்சம் ஆணம், அவ்வளவுதான். அஸருக்குப் பிறகு இஞ்சி போட்ட பிளேன் டீ இல்லாமல் இருக்க மாட்டாத மனுசி, பித்தம் என்று சொல்லி அதையும் நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது.

நாலாம் நாள் இரவு மூத்தம்மாவின் அறையில் பாய் போட்டுப் படுத்தேன். இரண்டு மணி இருக்கும். மூத்தம்மா எழும்பிக் கட்டில் ஓரத்தில் இருந்தார். நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டு, திரும்பவும் படுக்கப் போனார். "ஏன் மூத்தம்மா?" என்று கேட்டேன். இருட்டில்தான் பதில் சொன்னார்.

"வெளிய போறதெண்டா முற்றத்தால போகணும். ரெண்டு படி. லைட்டும் இல்ல. விழுந்தா ஒங்கட உம்மாவத்தான் கூப்பிடணும். அவ பகல் முழுக்க நிண்டு படிப்பிச்சிட்டு வாறா. அவட நித்திரைய நான் என்னத்துக்குக் கெடுக்க? தண்ணி குடிக்காட்டி போகத் தேவல்லதானே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இன்னும் மெதுவாக மற்றதையும் சொன்னார். இருமினால், தும்மினால், குனிந்து எழும்பினால் சிறிது சலம் கசிந்துவிடுகிறதாம். உடுப்புச் சுத்தமில்லையோ, உளு முறிந்துவிட்டதோ என்று தொழுகை முழுவதும் அதே யோசனையாம். ஒரு தொழுகைக்கு மூன்று தரம்கூட உளு எடுக்கிறாராம். மஃரிபையும் இஷாவையும் நிம்மதியாகத் தொழத்தான் அஸர்த் தேநீரை விட்டாராம். கல்யாண வீடுகளுக்குப் போகாமல் நின்றதற்கும் காரணம் முழங்கால் அல்ல, இதுதான்.

இதைச் சஞ்சிகையில் எழுதலாமா என்று மூத்தம்மாவிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது. என்னப் போல எத்தின பேர் இரிப்பாங்க" என்றார்.

வயது போகப் போகத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும்போதும் தாகம் வருவதில்லை. சிறுநீரகமும் முன்னைப் போலத் தண்ணீரைச் சேமித்து வைப்பதில்லை. சீனி கூடியிருந்தால் சலமாக இன்னும் அதிகம் போகும். இதற்கு மேல் ஒருவர் வேண்டுமென்றே குடிப்பதைக் குறைத்தால், படுக்கையிலிருந்து எழும்பும்போது பிரஷர் சட்டென்று இறங்கி, தலை சுற்றி விழுவார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முற்றத்தில் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் தண்ணீரை விட்ட மூத்தம்மா, அந்தத் தண்ணீர் இல்லாமல்தான் அறைக்குள் விழப் பார்த்தார்.

அடுத்த முறை டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். உம்மாவும் வந்திருந்தார். சலத்தில் கிருமி இருந்தது. அதற்கு ஒரு கிழமைக்கு மருந்து தந்தார். சலம் போவதற்கான பிரஷர்க் குளிசையை மூத்தம்மா இரவுக் குளிசைகளோடு சேர்த்து விழுங்கி வந்திருக்கிறார். காலையில் எடுக்க வேண்டும் என்று பக்கற்றில் எழுதியிருந்தது, ஆனால் அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை. கசிவு என்பது பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டிய ஒன்றல்ல, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் குறையக்கூடியது என்று சொல்லி, அதைச் செய்யும் விதத்தையும் விளக்கினார். எழும்பும்போது முதலில் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இருந்து, காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும். தண்ணீரைக் காலையிலிருந்து அஸர் வரை கூடுதலாகக் குடித்து, இரவில் குறைத்துக்கொள்ளலாம். இருதய, சிறுநீரக வருத்தம் உள்ள சிலருக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்வார்கள். ஆகவே என் மூத்தம்மாவுக்குச் சொன்னதை உங்கள் மூத்தம்மாவுக்கு அப்படியே செய்துவிட வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள்.

மற்றதெல்லாம் மேசன் பாஸின் வேலை. இரண்டு படியையும் உடைத்துச் சரிவாக்கினார். அறை வாசலிலிருந்து மலசலகூடம் வரை சுவரோடு குழாய் பொருத்தினார், உள்ளேயும் பிடித்து எழும்ப ஒரு துண்டு வைத்தார். முற்றத்துக்கு ஒரு பல்ப், அதன் சுவிச் கட்டில் தலைமாட்டில். ஒன்றரை நாளில் முடிந்தது. போகும்போது, "இத எங்கட உம்மாக்கும் செய்யணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். மாமா பெருநாளுக்கு மூத்தம்மாவுக்குப் புடவை வாங்க அனுப்பியிருந்த காசுதான் இதற்குச் செலவானது.

மருந்தை விடக் கஷ்டமாக இருந்தது ரமழான். நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். நெற்றி கிழிந்தபோது அழாத மூத்தம்மா அன்று அழுதார். ஏழு வயதிலிருந்து பிடித்த நோன்பு. உம்மா ஊரிலுள்ள ஆலிமா ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். ஸூரத்துல் பகராவில் நோயாளிக்குள்ள சலுகையையும், கசிவு உள்ளவர்கள் தொழும் முறையையும் அவர் பக்கத்தில் இருந்து விளக்கினார். ஃபித்யாவாக அரிசி கொடுத்தோம். ஆனாலும் அந்த மாதம் முழுவதும் மூத்தம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னப்பிள்ளைகள் காணாதபடிதான் பகலில் சாப்பிட்டார். பின்னேரமானதும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உப்புச் சரியா என்று ருசி பார்க்க வீட்டில் ஒருவர் இருப்பது எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

எனக்கு இப்போது கேட்கப் பிடிக்காத ஒரு வசனம் இருக்கிறது: "வயசு போனா அப்படித்தான்." மூத்தம்மா மாமாவின் அழைப்புக்கு வரமாட்டார், வந்தாலும் "ம், ம்" என்றுவிட்டு என்னிடம் தந்துவிடுவார். தன்னோடு கோபம் என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். வயசு போனால் அப்படித்தான் என்றார் சாச்சா. காது கிளினிக்கில் காட்டினோம். வலது காது முழுக்கக் குறும்பி அடைத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். அன்றிரவு மாமாவோடு முக்கால் மணித்தியாலம் பேசினார், அதில் அரை மணித்தியாலம் ஏச்சு. வயது சில விடயங்களைச் செய்யத்தான் செய்கிறது. எதை வயது செய்தது, எதை அழுக்கும் இருட்டும் வெட்கமும் செய்தன என்று பிரித்துப் பார்க்க வேண்டுமே.

மூத்தம்மாவின் நிலைமை இப்போது பரவாயில்லை. தலைச்சுற்று நின்றுவிட்டது. பிளேன் டீ திரும்ப வந்துவிட்டது, சீனி இல்லாமல். போத்தலில் கோடு போடும் வேலையை நான் விடவில்லை. கோட்டுக்கு மேலே இருக்கும் தண்ணீரைச் சிலவேளை மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிடுகிறார் என்று தம்பி கோள் சொல்கிறான், அதை இன்னும் விசாரிக்கவில்லை. அவசரம் என்றால் அழைக்க வேண்டிய 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மூத்தம்மா அதைப் பார்த்து, "இது யார்ட பிறந்த வருசம்?" என்று கேட்டார்.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. இரத்தத்தில் சீனி பார்க்க இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இதை மூத்தம்மாவின் வலது காதுப் பக்கமாக இருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.