காடிப் பானையும் கோழித்தீனும்

கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுவது அரசியல் பத்திரிகையாளனுக்குரிய வேலையல்ல என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில் எனது எண்ணம் வேறு. நாட்டின் பொருளாதாரம் எந்த நிலையில் இருக்கின்றது என்பதை மத்திய வங்கியின் அறிக்கை சொல்வதற்கு முன்னரே கிராமத்துக் கோழிக்கூடு சொல்லிவிடும். 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் அதுவே நடந்தது.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் அந்த ஆண்டின் பெரும்போகம் தப்பவில்லை. நெல்லும் குறைந்தது, சோளமும் குறைந்தது. கோழித்தீனில் பெரும் பங்கு சோளம். உள்ளூரில் இல்லாததை வெளியிலிருந்து தருவிக்கலாம் என்றால் கையில் டொலர் இல்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக விதித்து அரசாங்கம் வர்த்தமானி வெளியிட்டது. அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. வர்த்தமானியைப் பார்த்துத் தீனின் விலை நிற்கவில்லை. பண்ணையாளர் பலர் கோழிகளைக் குறைத்தனர். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை வந்தது.

பெரிய பண்ணைகளின் கதை பத்திரிகைகளில் வந்தது. முற்றத்தில் பத்துப் பதினைந்து கோழிகளை வைத்திருந்தவர்களின் கதை வரவில்லை. நான் எழுத விரும்புவது அவர்களைப் பற்றியே.

போர் 2009 மே மாதத்தில் முடிந்த பின்னர் வன்னியில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு, விசேடமாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. படம் பிடிக்கப்பட்டது, செய்தியும் வெளிவந்தது. குஞ்சுகளுடன் இரண்டொரு மூடை தீனும் கொடுத்தார்கள். மூன்றாவது மூடையை யார் வாங்குவது என்று எந்தச் செய்தியும் கேட்கவில்லை. குஞ்சு வளர்ந்து முதல் முட்டை இடுவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் செல்லும். ஊர்க்கோழிக்கு அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை அது தின்றுகொண்டே இருக்கும்.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தில் அத்தகைய ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். கணவனை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள், பதினான்கு கோழிகள். அயலில் பலர் தீன் போட முடியாமல் கோழிகளை இறைச்சிக்கு விற்றிருந்தார்கள். இவர் விற்கவில்லை. அடுப்படிக்குப் பின்னால் நிழலில் இரண்டு பிளாஸ்ரிக் வாளிகள், பழஞ்சீலையால் மூடியபடி இருந்தன. தயிரின் புளிப்பு மணம் வந்தது.

“என்ன பிள்ளை இது?” என்று கேட்டேன்.

“கோழிக்குக் காடி ஐயா. அம்மம்மா மாட்டுக்கு வைக்கிறவ. சாமான் விலை ஏறினாப் பிறகு நான் கோழிக்கு வைச்சுப் பாத்தன்” என்றார்.

காடி என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. புளித்த கஞ்சிக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் அது. அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, தவிடு, பிண்ணாக்கு எல்லாம் ஒரு தொட்டியில் சேர்ந்து புளித்துக் கிடக்கும். மாலையில் பட்டிக்கு வரும் மாடு அதில்தான் முதலில் வாய் வைக்கும். மனிதனுக்குப் பழஞ்சோறு, மாட்டுக்குக் காடி என்பது எமது வீடுகளின் நடைமுறையாக இருந்தது. மூடைத் தீன் வந்த பின்னர் அந்தத் தொட்டிகள் உடைந்தன. இன்று மேல்நாடுகளில் வீட்டுக் கோழி வளர்ப்போர் ‘புளித்த தீன்’ என்று புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலப் பேசுவது இந்தக் காடியைத்தான்.

புளிக்கும்போது நடப்பது என்ன? தானியத்திலேயே ஒட்டியிருக்கும் லக்ரிக் அமில பக்ரீரியாக்கள் நீரில் பெருகி, மாப்பொருளிலும் சீனியிலும் ஒரு பகுதியை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக் கூட, சல்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் அதில் பெருக முடியாமற் போகின்றன. பால் தயிராகி ஒரு நாள் கூடுதலாகத் தாங்குவது போன்றதே இதுவும். இரண்டாவது பயன் தவிட்டில் இருக்கின்றது. தவிட்டிலுள்ள பொஸ்பரசின் பெரும்பகுதி பைற்றிக் அமிலமாகப் பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. கோழியின் குடலால் அந்தப் பூட்டை நன்கு திறக்க முடியாது. ஊறலும் புளிப்பும் அதில் ஒரு பகுதியை விடுவிக்கின்றன.

மூன்றாவது பயனை அந்தப் பெண் சொன்னார். எந்த நூலையும் விட எனக்கு அது விளங்கியது. “முந்தி உலர்ந்த மாவாய்ப் போட்டால் கோழி கிளறிக் கால்வாசி மண்ணுக்கை போயிடும் ஐயா. காத்தும் கொண்டு போயிடும். இப்ப தட்டிலை ஒரு பொட்டும் மிஞ்சாது” என்றார். விலை உயர்ந்த காலத்தில் மண்ணுக்குப் போகாத கால்வாசி பெரிய தொகை.

முட்டை கூடியதா என்று கேட்டேன். கூடவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை என்றார். இந்த நேர்மையான பதில் ஆய்வுகளுடனும் ஒத்துப்போகின்றது. டென்மார்க் ஆய்வாளர்கள் முட்டைக்கோழிகளுக்குப் புளித்த தீனைக் கொடுத்துப் பார்த்து 2009 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோழிகள் உட்கொண்ட உலர் தீனின் அளவு குறைந்தது. முட்டையின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதேவேளை புளித்த தீன் உண்ட கோழிகளின் இறகுகள் மோசமடைந்தன என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். ‘புளிக்க வைத்தால் பாதித் தீன் போதும், முட்டை இரட்டிப்பாகும்’ என்று கைத்தொலைபேசியில் சுற்றும் காணொளிகளில் இந்த இரண்டாவது பக்கம் இருப்பதில்லை.

செய்முறை எளிமையானது. வாளியில் பாதிக்கு மேற்படாமல் தவிடு, குறுணல், இடித்த சோளம், பிண்ணாக்கு என்று கிடைப்பதை இட்டு, அதற்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். கிணற்று நீரானால் அப்படியே விடலாம். குளோரின் இட்ட குழாய் நீரானால் ஓர் இரவு திறந்து வைத்த பின்னர் விடுவது நல்லது. அலுமினியப் பாத்திரம் கூடாது, அமிலம் அதை அரிக்கும். வாயு வெளியேற வேண்டியிருப்பதால் இறுக்கமாக மூடக்கூடாது. நாளுக்கு இரு தடவை அடிவரை கிளற வேண்டும். எமது வெப்பத்தில் இரண்டாம் நாளே புளித்துவிடும். குளிர்நாடுகளில் மூன்று, நான்கு நாட்கள் செல்லும். ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பையை அடுத்த வாளிக்கு உறையாக எடுத்து வைத்தால் விரைவாகப் புளிக்கும். கோழிகள் ஒரு மணித்தியாலத்தில் உண்டு முடிக்கும் அளவை மட்டும் வைத்து, மிஞ்சியதை அகற்றித் தட்டைக் கழுவ வேண்டும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சிப்பித்தூளை வாளியில் சேர்க்கக்கூடாது. சுண்ணாம்பு அமிலத்தை முறித்துவிடும். பரிமாறும்போது தூவுவதே முறை. மீன் தலையையும் இறைச்சிக் கழிவையும் வாளியில் போடவே கூடாது. அவை புளிப்பதில்லை, அழுகும்.

இனி, இந்த வாளியால் முடியாதவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ தவிடு நீரை உறிஞ்சி இரண்டு கிலோவுக்கு மேல் நிறை காட்டும். கூடியது தண்ணீர்தான், தீனல்ல. முட்டையிடும் கோழிக்கு ஏறத்தாழ 16 வீதம் புரதமுள்ள தீன் வேண்டும். அரிசித் தவிட்டில் 12, 13 வீதமளவே உண்டு. தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 வீதமளவு இருந்தாலும், லைசின் போன்ற இன்றியமையாத அமினோ அமிலங்கள் அதில் குறைவு, நார் அதிகம். புளிப்பு இந்தக் குறையை நிரப்பாது. குஞ்சுகளுக்கு இதைவிடவும் கூடிய புரதம் தேவை. அவற்றைத் தவிட்டுக் காடியில் மட்டும் வளர்க்க முயன்றால் செட்டை முளைக்காமல் தேங்கிவிடும்.

இவை அனைத்தையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கின்றது. அதே கிராமத்தில் இன்னொரு வீட்டில் ஒரே கிழமையில் ஒன்பது கோழிகள் செத்தன. தெருவில் மலிவாக வந்த சோளத்தை வாங்கி, அதில் பூஞ்சணம் பிடித்திருந்ததைக் கண்டும், புளிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி வாளியில் இட்டிருந்தார்கள். புளிப்பு மணம் பூஞ்சண மணத்தை மூடிவிட்டது. வந்து பார்த்த கால்நடை வைத்தியர் ஈரலை வெட்டிப் பார்த்து, பூஞ்சண நஞ்சென்றே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது என்றார். ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்த அந்த வீட்டில் யாருக்கும் வசதி இல்லை. ஒன்பது கோழியின் இறப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. அந்த வீட்டுக்கு அது ஒரு பிள்ளையின் கல்விச் செலவு.

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் தெரியாததால் அதை ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றழைத்தார்கள். பிறேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயரிட்டார்கள். சமைக்கும் சூட்டிலும் அது முற்றாக அழிவதில்லை. பூஞ்சணம் பிடித்த தானியத்தைப் புளிக்க வைத்தால் நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. உண்ணும் கோழியின் ஈரலைக் கெடுப்பதுடன், சிறிதளவு முட்டைக்கும் செல்லக்கூடும். அந்த முட்டையை உண்பவர்கள் எமது பிள்ளைகள்.

ஆடு வளர்ப்போருக்கும் ஒரு சொல். ஆட்டின் இரைப்பையே ஒரு காடிப் பானைதான். இலையும் குழையும் அதற்குள்ளேயே நொதிக்கின்றன. அதற்கு மேல் புளித்த மாவையும் குறுணலையும் நிறையக் கொடுத்தால் உள்ளே அமிலம் மிகுந்து, ஆடு தீன் எடுக்காமல் படுத்துவிடும். சாகவும் கூடும். கழுநீர் கொஞ்சம் கொடுக்கலாம். ஆட்டுக்குரிய புளித்த உணவு வேறு. மாரியில் மிஞ்சும் புல்லையும் பச்சைச் சோளத்தட்டையையும் நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து அடைத்துக் கோடைக்கு வைக்கும் ஊறுபுல்தான் அது. சித்திரை வெயிலில் வேலிச் சீமைக்கிளுவையும் வாடும்போது அதன் அருமை தெரியும்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊருக்குக் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுக்கப் பணம் அனுப்பும் உறவுகள் பலர் எனது பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருபது குஞ்சுக்கான பணத்தில் பத்துக் குஞ்சு கொடுங்கள். மிகுதியில் முதல் முட்டை வரையான ஐந்து மாதத் தீனுக்கும், ராணிக்கெற் நோய்க்கான தடுப்பு மருந்துக்கும், ஈரம் புகாத மூடியுள்ள ஒரு பீப்பாய்க்கும் ஒதுக்குங்கள். பீப்பாய் படத்தில் அழகாக இராது. ஆனால் பூஞ்சணத்தைத் தடுப்பது அதுவே.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. மலிவுச் சோளம் கிராமத்துக்குள் வரும்போது அதைப் பரிசோதிப்பதற்கு மாவட்டத்துக்கு ஓர் ஏற்பாடாவது இருக்க வேண்டும். முட்டைக்கு விலை நிர்ணயிக்கத் தெரிந்தவர்கள் தீனின் தரத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். காடிப் பானை ஏழையின் கெட்டித்தனம். அதைக் காட்டி, ஏழைகள் எப்படியும் சமாளிப்பார்கள் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் ஆறுதல் அடைய இடமளிக்கக் கூடாது.

நல்ல தீனைக் காடி மேலும் நல்லதாக்கும், வீணாகாமல் காக்கும். கெட்டதை நல்லதாக்காது, கொஞ்சத்தை நிறைய ஆக்காது. வாளியில் இடுவதற்கு முன்னர் தானியத்தை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால், எவ்வளவு மலிவாக வாங்கியதாக இருந்தாலும், கோழிக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.