சீரியல் நேரத்தில் ஆர்.டி. வசூல்

குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சானடோரியம், கிழக்குத் தாம்பரம் என்று ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் அஞ்சலகத் தொடர் வைப்பு (ஆர்.டி.) முகவராக அலைந்தவள் நான். ஆரம்பத்தில் எல்லாருக்கும் ‘ஆர்.டி. அக்கா’. போகப் போக ‘ஆர்.டி. அம்மா’. இப்போது தொழிலை விட்ட பிறகு ‘ஆர்.டி. பாட்டி’ ஆகிவிட்டேன். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பகலில் பிடிக்க முடியாது. வீடு பூட்டிக் கிடக்கும். அவர்கள் திரும்பி வந்து உலை வைத்த பிறகுதான் வசூலுக்குப் போக வேண்டும். 1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ ஆரம்பித்ததும் அந்த நேரத்துக்கும் ஆபத்து வந்தது. கதவைத் தட்டினால் “வாங்கக்கா” என்று குரல் வரும், ஆள் வராது. பணமும் ஆர்.டி. அட்டையும் டிவிப் பெட்டி மேல் போட்ட துணிக்கு அடியில் தயாராக இருக்கும். நானே எடுத்து எண்ணிக்கொள்ள வேண்டும். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து காத்திருந்துதான் நானும் சீரியல் பார்க்கிறவள் ஆனேன்.

அந்தக் கதையில் ராதிகா சாரதாவாக வந்தார். சித்தி என்றால் சூடு போடுகிறவள் என்றே கதை கேட்டு வளர்ந்த ஊரில், பெறாத பிள்ளைக்காக உயிரை விடுகிற சித்தியைக் காட்டினார்கள். சிவகுமாரும் நடித்திருந்தார். சி.ஜே. பாஸ்கர் இயக்கினார். 2001 நவம்பர் வரை ஓடியது. சாரதா அழுதால் தெருவே அழும். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் எப்போதும் பாதி டிவியிலும் பாதி அந்த வீட்டு அட்டையிலும் இருக்கும். தொழில் அப்படி. யார் மாதா மாதம் தவறாமல் கட்டுகிறாள், யார் மூன்று மாதம் விட்டுவிட்டு அபராதத்தோடு கட்டுகிறாள், யாருடைய பணத்தை யார் எடுத்துக்கொண்டு போகிறார் எல்லாம் எனக்குத் தெரியும். அறுபது மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருப்பாள். முதிர்வு நாளன்று புருஷன் லீவு போட்டுவிட்டுத் தபாலாபீசுக்குக் கூடவே வருவார். கணக்கு அவள் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவளுடையது. நோட்டை எண்ணுவது அவர். “எண்ணிப் பார்க்கத் தெரியாதவளா இவள்?” என்று கேட்க வாய் வரும். நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷனில் பிழைக்கிறவள் எத்தனை வீட்டு வம்பை விலைக்கு வாங்க முடியும்?

அந்த வீடுகளில் ராதிகாவின் அழுகையைப் பார்த்தார்கள். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பார்கள். தயாரிப்பு: ராடான், ராதிகாவின் சொந்தக் கம்பெனி. அழுகிறவளும் சம்பளம் கொடுக்கிறவளும் ஒரே ஆள். எனக்கு அந்த நடிகை மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அவர் எம்.ஆர். ராதாவின் மகள். நம் பரங்கிமலைக்கு அந்தப் பக்கம் ராமாவரம் தோட்டத்தில் 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்ட செய்தி என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே இதே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அப்போது ராதிகா கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவராக இருந்திருப்பார். இலங்கையிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவரை, பாரதிராஜா 1978-இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் பாவாடை தாவணியோடு நிறுத்தினார். ரயிலின் கடைசிப் பெட்டியில் சேதி எழுதி அனுப்புகிற காதல் கதை. எங்கள் தாம்பரம் யார்டில் வண்டி கழுவுகிறவர்கள் அதை எப்படி ரசித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அடுத்த வருஷமே தகப்பனார் காலமானார்.

பிறகு தமிழிலும் தெலுங்கிலும் கதாநாயகி. 1985-இல் ‘மீண்டும் ஒரு காதல் கதை’ என்ற படத்தைத் தயாரித்தார். பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம். அதற்கு முதல் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருது கிடைத்தது. அந்த விருதை அப்போது இயக்குநருக்கு மட்டும் இல்லை, தயாரிப்பாளருக்கும் சேர்த்துத் தந்தார்கள். ஆகவே பணம் போடுகிற வேலை அவருக்குச் சின்னத்திரைக்கு வந்துதான் பழக்கம் என்று சொல்லக் கூடாது. 1993-இல் ‘கிழக்குச் சீமையிலே’யில் விருமாயியாக நடித்தார். அந்த மாதிரிப் பாத்திரம் இனி எத்தனை வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகனுக்கு ஐம்பது வயதிலும் டூயட் உண்டு. கதாநாயகிக்கு முப்பத்தைந்தில் அக்கா, அண்ணி வேஷம்.

அந்தக் காலத்தில் சினிமாக்காரர்கள் டிவிக்கு வருவதை இறக்கம் என்றே பேசினார்கள். “மார்க்கெட் போயிடுச்சு போல” என்று என் வாடிக்கையாளர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்க்கெட் போகவில்லை, அவர் கடையை மாற்றினார். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியதிலிருந்து ஒற்றை வாய்க்காலாக இருந்தது. 1993 சித்திரை முதல் நாளில் சன் டிவி வந்தது. கேபிள்காரர் தெருவுக்குத் தெரு கம்பி இழுத்தார். ராதிகா அதற்கு அடுத்த வருஷங்களிலேயே ராடானைத் தொடங்கி, பிறகு அதைப் பங்குச் சந்தை வரை கொண்டுபோனார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காக அந்த நாளைய வியாபார முறையைச் சொல்ல வேண்டும். பல தொடர்களுக்குச் சேனல் சம்பளம் கொடுத்து எடுத்துத் தரச் சொல்லவில்லை. தயாரிப்பாளர்தான் அந்த அரை மணி நேரத்துக்குச் சேனலுக்குக் கட்டணம் கட்டுவார். நடுவில் வரும் விளம்பர விநாடிகளை அவரே விற்றுக்கொள்ள வேண்டும். சோப்புக் கம்பெனிக்காரர், மசாலாக் கம்பெனிக்காரர் என்று ஆள் பிடிக்க வேண்டும். விளம்பரப் பணம் வர மாதங்கள் ஆகும். ஆனால் லைட்மேனுக்கும் மேக்கப்மேனுக்கும் அன்றாடம் பேட்டா கொடுத்தாக வேண்டும். டி.ஆர்.பி. இறங்கினால் விளம்பரம் இறங்கும். இத்தனையும் தலையில் வைத்துக்கொண்டு, கிளிசரின் போட்டுக்கொண்டு, சாரதாவாக அழ வேண்டும்.

சினிமாவில் தாங்களே முதலாளியாக இருந்த பெண்கள் அவருக்கு முன்னும் உண்டு. சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோ நடத்திய பானுமதியிடம் ஒரு காசு ஏமாற்ற முடியாது என்று சொல்வார்கள். சாவித்திரி 1971-இல் ‘பிராப்தம்’ எடுத்து நொடித்துப்போனார். அவருடைய கடைசி வருஷங்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. இரண்டு பேரில் பெரிய நடிகை யார் என்று விவாதம் பண்ணலாம். வீட்டுச் சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதில் விவாதமே இல்லை.

‘சித்தி’ முடிந்ததும் ‘அண்ணாமலை’, பிறகு ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’. 2013 ஜனவரியில் ‘வாணி ராணி’. அதில் வக்கீல் அக்காவும் குடும்பத் தங்கையும் அவரே. 2018 டிசம்பரில்தான் முடிந்தது. ‘சித்தி’யில் மடியில் உட்கார்ந்து பார்த்த குழந்தை ‘வாணி ராணி’ முடியும்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஐ.டி. பையன்கள் வேலை மாறுவதை நினைத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் ஒரே நேரத்தில் ஒரே ஆள்.

அந்த வருஷங்களில் இந்தப் பக்கம் என்னவெல்லாமோ ஆனது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டோம். மின்வெட்டில் கதை பாதியில் நின்றால், கரண்ட் இருக்கும் பக்கத்துத் தெருவுக்கு ஓடினோம். அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வந்தது. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. ஒரு வருஷம் கழித்து வர்தா புயலில் கேபிள் கம்பியெல்லாம் தெருவில் கிடந்தது. கரண்ட் வந்த அன்று ஒரு வீட்டில் கேட்ட முதல் கேள்வி, “ராணி என்ன ஆனா?”

நாள் தவறாமல் நடிப்பது எப்படி இருக்கும் என்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. கதை வரிசையாகப் படமாகாது. வாடகை பங்களா ஒன்றில் விளக்கு வைத்துவிட்டால், அந்தக் கூடத்தில் நடக்க வேண்டிய எல்லாக் காட்சிகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். காலையில் மகனின் சாவுக்கு அழுதுவிட்டு, மத்தியானம் அதே மகனின் கல்யாணத்துக்குச் சிரிக்க வேண்டும். புடவை, பொட்டு, வளையல் எல்லாம் முந்தின காட்சியோடு ஒத்துப்போகிறதா என்று கண்டினியூட்டி பார்க்க வேண்டும். வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் பிராம்ப்ட் பண்ணுவார். காதில் அவர் குரலும் முகத்தில் தன் உணர்ச்சியுமாக நடிகை பேச வேண்டும். பெரிய கதாநாயகியைத் தவிர மற்றப் பெண்கள் பலர் தங்கள் சொந்தப் புடவைகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வாங்கிய சம்பளத்தில் பாதி பட்டுப்புடவைக்குப் போனால் மிச்சம் என்ன என்று என் புத்தி உடனே கணக்குப் போடும்.

2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ தொடரில் அபியாக நடித்த தேவயானியும் இதே பட்டறையில் தட்டி எடுக்கப்பட்டவர்தான். ‘காதல் கோட்டை’யும் ‘சூரியவம்சம்’மும் நடித்துவிட்டு, திருமணமும் ஆன பிறகு, திருச்செல்வம் இயக்கிய இந்தத் தொடருக்கு வந்தார். ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. கட்டட கம்பெனி நடத்துகிற பெண் என்பது அதன் கதை. அபி பேரம் பேசுவதை, செக்கில் கையெழுத்துப் போடுவதை எங்கள் தெருப் பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். ‘கோலங்கள்’ நேரத்தில் நான் ஆர்.டி. பற்றிப் பேசினால் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுத்தார்கள். இது என் அனுபவம், ஆராய்ச்சி இல்லை. அந்தத் தொடர் ஓடுகிற வருஷங்களும் ஆர்.டி. தவணையும் ஏறக்குறைய ஒன்று என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நடுவில் உடைக்காமல், கடைசியில் மொத்தமாக வாங்குகிற புத்தி இரண்டுக்கும் பொது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சீரியல்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாலில் விஷம் கலப்பது, மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுவது, தூங்கும்போதும் ஒட்டியாணம் போட்டிருக்கும் நாத்தனார் இதெல்லாம் எனக்கும் சலித்துப்போனவை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று இருபத்தைந்து வருஷம் பாடம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பாவத்தில் ராதிகாவின் தொடர்களுக்கும் பங்கு உண்டு. ‘வாணி ராணி’ மட்டும் பாதி நீளத்தில் முடிந்திருந்தால் கதைக்கு நல்லது. ஆனால் நீட்டித்த ஒவ்வொரு மாதமும் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதையும் நான்தானே யோசித்தாக வேண்டும்?

அது 2020 மார்ச்சில் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஜனவரியில்தான் ‘சித்தி 2’ தொடங்கியிருந்தது. கொரோனா வந்து படப்பிடிப்புகள் நின்றன. கதாநாயகிகள் வீட்டிலிருந்து சமையல் வீடியோ போட்டார்கள். பாட்டி வேஷம், பக்கத்து வீட்டுக்காரி வேஷம், கல்யாணக் கூட்டத்தில் தட்டு ஏந்தும் வேஷம் போடுகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இருந்தால் அன்றைக்குச் சம்பளம். அந்தப் பெண்களில் சிலரும் என் வாடிக்கையாளர்கள்தான். பல்லாவரத்தில் ஒரு அம்மாள், டிவியில் ஜமீன் வீட்டு மாமியார், மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டுவார். அவருக்கு அந்தக் கோடைக்குக் கை கொடுத்தது அந்த ஐந்நூறுகள்தான். அடுத்த ஆண்டு ராதிகா அரசியலுக்காகத் தொடரை விட்டு விலகினார். அந்த அரசியல் எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. விலகுகிற நாளைத் தானே குறித்துக்கொள்ள முடிந்தவர் அவர். ஜமீன் மாமியாரைக் கதையிலிருந்து எடுத்தபோது, போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டிவிட்டார்கள். அவருக்கே டிவி பார்த்துத்தான் தெரிந்தது.

போன மாதம் சேலையூரிலிருந்து என் தம்பி பேத்தி வந்திருந்தாள். ரீல்ஸ் போட்டுப் போட்டு ஒரு தொடரில் தங்கை வேஷம் கிடைத்திருக்கிறதாம். கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் அம்மா பயத்தோடும் பெருமையோடும் கூடவே வந்திருந்தாள். “பாட்டி, போகலாமா?” என்றாள். எல்லாரும் அவளிடம் மானம், மரியாதை, ராத்திரி ஷூட்டிங், கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நான் வேறு கேட்டேன். மாதம் எத்தனை நாள் கால்ஷீட்? அக்ரிமென்ட் தமிழிலா இங்கிலீஷிலா, முழுக்கப் படித்தாயா? நடுவில் கேரக்டரை முடித்தால் பாக்கி எப்போது தருவார்கள்? சேலை யார் கொடுப்பது? போக வர வண்டி உண்டா? பாதிக்குத்தான் அவளிடம் பதில் இருந்தது. செல்போனில் குறித்துக்கொண்டாள்.

“செக் தருவாங்களா?” என்றேன்.

“செக்கா! ஜி.பே.ல போட்டுடுவாங்க பாட்டி.”

“யார் நம்பருக்கு?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்து, “அவங்க அப்பா நம்பர்தான் குடுத்திருக்கோம் அத்தை, குழந்தைக்கு என்ன தெரியும்?” என்றாள்.

தாம்பரம் பெரிய தபாலாபீஸ் மாலை வரைக்கும் திறந்திருக்கும். ஆதார் கையில் இருக்கிறதா என்று குழந்தையைக் கேட்டேன். இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.