மறைத்து வைத்த கைத்தடி

எங்கள் வீடு கோரிப்பாளையத்தில் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் இப்படி ஒரு வீடு இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா! எதிர்சேவைக்கே உறவுக்காரர்கள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கிவிடுவார்கள்.

அந்த வருஷம் எனக்குத் தனிப் பெருமை ஒன்றும் சேர்ந்திருந்தது. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து போன என் மாமனார், ஏழு மாதப் பயிற்சிக்குப் பிறகு எழுந்து நடந்துவிட்டார். தடியை ஊன்றிக் கூடத்திலிருந்து வாசல்வரை அவர் வந்த அன்றே, 'இனிப் பயமில்லை' என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன்.

விருந்தாளிகள் வந்ததும் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். "நாலு பேர் எதிரே தடி எதுக்கு மாமா? நீங்கதான் நல்லா நடக்கிறீங்களே!" என்று அதை வாங்கி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவர் சிரித்தார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணி இருக்கும். கூடம் முழுக்கப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். யாரையும் எழுப்ப மனமில்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குப் போயிருக்கிறார். அந்தப் படி நாலு விரற்கடை உயரம்தான். இடது கால் தூக்கிக் கொடுக்கவில்லை. சத்தம் கேட்டு நான் ஓடியபோது இடது பக்கமாகவே கிடந்தார். தொடை எலும்பு இடுப்பை ஒட்டி முறிந்திருந்தது.

"இத்தனூண்டு படிக்கு எலும்பு முறியுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

முறியுமாம். உடம்பின் பாரம் தாங்காத, தசை இழுக்காத பக்கத்து எலும்பு முதல் வருஷத்திலேயே வெகுவாகச் சத்திழந்து விடுகிறது. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி குறைவு வேறு. நாமெல்லாம் விழும்போது கையை ஊன்றித் தப்பித்துக் கொள்கிறோம். விழுந்து போன கை எங்கே ஊன்றும்? 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும் சொன்னார். இங்கிலாந்தில் பக்கவாதம் கண்டு வீடு திரும்பிய 108 பேரை ஆறு மாதம் கவனித்ததில், நூற்றுக்கு 73 பேர் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்களாம்! வாஸ்தவம்தானே? படுத்துக் கிடப்பவர் எங்கே விழப் போகிறார்? நான் தேங்காய் உடைத்த நாளிலிருந்துதான் கண்ணும் கருத்துமாக இருந்திருக்க வேண்டும்.

ஆபரேஷன் ஆயிற்று. மறுபடி முதலிலிருந்து நடை பழகினார். குளியலறைப் படியை இடித்துச் சரிவாக்கினோம். சுவரில் இரும்புப் பிடி, இரவெல்லாம் எரிகிற ஒரு சின்ன விளக்கு, தடியின் அடியில் புது ரப்பர். வழுக்குகிற கால்மிதியைத் தூக்கி எறிந்தேன். ராத்திரியில் எழுந்திருப்பதானால் தடியால் கட்டில் காலை இரண்டு தட்டுத் தட்டுவார்; நான் எழுந்து வருவேன்.

சென்ற சித்திரையில் அதே கூட்டம் வந்தது. "தடி இல்லாமலே நடந்தீங்களாமே, மாமா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"நான்தாம்மா அன்னிக்கு எங்கேயோ மறந்து வைச்சுட்டேன்" என்றார் அவர்.

நான் அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விட்டேன்.