மொந்தனேர் கோட்டையின் தச்சர்கள்

பிரான்ஸில் கோட்டை பார்க்கப் போகிறோம் என்றால் எல்லோரும் லுவார் ஆற்றங்கரையைத்தான் சொல்வார்கள். ஷம்போர், ஷெனோன்சோ என்று படங்களில் பார்த்த மாளிகைகள் அங்கேதான் இருக்கின்றன. நாங்கள் போனது தெற்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலையடிவாரத்துக்கு. எங்கள் அண்ணன் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளின் விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். சூரியகாந்தி வயல்கள், மக்காச்சோளக் காடுகள், ஊருக்கு ஒரு தேவாலயக் கோபுரம் என்று வழி முழுக்க அழகுதான். பின்சீட்டில் தயிர்சோற்று டப்பாவும் இருந்தது.

முதலில் ஃபுவா. பாறை உச்சியில் மூன்று கோபுரங்களோடு நிற்கும் கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட காஸ்தோன் ஃபெபூஸ் என்ற பிரபுவின் வம்சத்துக்குச் சொந்தமானது. அங்கிருந்து மலைப்பாதையில் அரோ என்ற சிற்றூருக்கு வந்தோம். ஆற்றோரம் ஒரு பழைய சிறிய கோட்டை. அதற்குள் ஓர் அருங்காட்சியகம், ‘காகோ’ மக்களைப் பற்றியது. சமூகவியல் படித்த காலத்தில் அடிக்குறிப்பு அளவில் கேள்விப்பட்ட பெயர். அவர்கள் வாழ்ந்த மண்ணில் நின்று அதைப் படிப்பது வேறு அனுபவம்.

யார் இந்தக் காகோக்கள்? நிறத்தில் வேறுபாடு இல்லை. மொழி அதே மொழி. மதமும் அதே கத்தோலிக்க மதம். ஆனால் பல நூறு ஆண்டுகள் ஊருக்கு வெளியே, தனிக் குடியிருப்பில் வைக்கப்பட்டவர்கள். தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி, தனி இடம். செத்தால் தனிக் கல்லறை. பொதுக் கிணற்றில், ஊற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. சந்தையில் பொருளைத் தொடக் கூடாது. பல இடங்களில் துணியில் சிவப்பு வாத்துக்கால் அடையாளம் தைத்துக்கொள்ள வேண்டும். தங்களுக்குள் மட்டுமே திருமணம். ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ‘காகோ’ என்று எழுதி வைத்தார்கள். நற்கருணையைக்கூடக் கோலின் நுனியில் வைத்து நீட்டியதாகச் சொல்வதுண்டு.

காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை. தொழுநோயாளிகளின் வாரிசு என்றார்கள், மதத்துரோகிகளின் வாரிசு என்றார்கள், தோற்றுப்போன படையின் மிச்சம் என்றார்கள். காதுமடல் இருக்காது, உடம்பில் நாற்றம் வீசும் என்றும் கிளப்பிவிட்டார்கள். ஒன்றும் நிரூபணமானதில்லை. ஒதுக்குவது முதலில் வந்தது, காரணம் பிறகு தேடப்பட்டது. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்கு விடப்பட்ட தொழில்களில் முக்கியமானது தச்சு வேலை. மரம் தொற்றைக் கடத்தாது என்று நம்பினார்கள். ஆக, தேவாலயத்தின் கூரை உத்தரத்தைக் காகோ செதுக்கலாம், அந்தக் கூரைக்குக் கீழே மற்றவர்களோடு நிற்கக் கூடாது. சவப்பெட்டி செய்யலாம், ஊர்க் கல்லறையில் படுக்கக் கூடாது.

மறுநாள் மொந்தனேர் கோட்டை. சுமார் 40 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம். மேலே ஏறினால் பிரனீஸ் மலைத்தொடர் முழுதாகத் தெரிகிறது. கோபுரத்தில் பிரபுவின் சின்னமும் அதோடு ஒரு வாசகமும் செதுக்கியிருக்கிறது. ‘ஃபெபூஸ் என்னைச் செய்தான்’ என்று கோட்டையே பேசுவதுபோல அதற்குப் பொருள். ஆனால் 1379இல் இந்தக் கோட்டையின் மரவேலைக்கும் இரும்பு வேலைக்கும் ஃபெபூஸ் ஒப்பந்தம் போட்டது காகோ தச்சர்களோடு. ஒரு வரியிலிருந்து விலக்கும், அவனுடைய காட்டில் மரம் வெட்டிக்கொள்ளும் உரிமையும் அதற்கு ஈடு. கையெழுத்து ஒருவனுடையது, கை வேறு யாருடையதோ.

அங்கிருந்து போ நகரம். பெயரே அதுதான், பிள்ளைகளுக்குச் சிரித்து மாளவில்லை. அங்குள்ள கோட்டையில்தான் 1553இல் நான்காம் ஹென்றி பிறந்தார். அவருக்குத் தொட்டிலாக இருந்ததாகச் சொல்லப்படும் ஆமை ஓட்டை இன்றும் பத்திரமாகக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அரசன் படுத்த ஓட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு, கோட்டை கட்டியவன் பெயருக்கு இல்லை. கடைசியாக ஒலோரோன் தேவாலயத்தில் காகோக்களின் தீர்த்தத் தொட்டியைப் பார்த்தோம். “ஒரே சாமிக்கு எதுக்கு ரெண்டு தொட்டி?” என்று அண்ணன் மகள் கேட்டாள். “நம்ம ஊர் டீக்கடையில ரெண்டு கிளாஸ் எதுக்கோ, அதுக்குத்தான்” என்றார் அண்ணி.

பிரான்ஸுக்கும் நமக்கும் நேரடிக் கணக்கும் ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் தேவாலயத்துக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரிக்கச் சுவர் இருந்தது. அதை எதிர்த்து நம் மக்கள் பாதிரியாரிடம் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கம் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் சுவர் நம் காலத்துக் கதை.

காகோக்களும் சும்மா இருக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், நவார் நாட்டில் ‘அகோதே’ என்று அழைக்கப்பட்ட இதே மக்கள் 1514இல் போப்பாண்டவருக்கே மனுப் போட்டார்கள். மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று அடுத்த ஆண்டு பதில் வந்தது. ஊரில் அதை நிறைவேற்ற மேலும் பல வழக்குகள் தேவைப்பட்டன. 1683இல் பதினான்காம் லூயியின் அரசும் இந்த வேறுபாட்டை நீக்க ஆணையிட்டது. 1789 புரட்சி சட்டத்தின் முன் எல்லோரையும் குடிமக்களாக்கியது. அதன் பிறகும் ஊர்ப் பேச்சில் வசவாக அந்தச் சொல் வெகுகாலம் வாழ்ந்தது. கலகத்தின்போது தங்களை அடையாளம் காட்டும் ஆவணங்களைக் காகோக்களே எரித்ததாகவும் சொல்கிறார்கள்.

“பார்த்தீர்களா, அங்கே தானாக மறைந்துவிட்டது, இங்கேயும் பேசாமல் விட்டால் மறைந்துவிடும்” என்று சொல்ல ஆள் வருவார்கள். இரண்டு விஷயங்களை அவர்களிடம் சொல்லுங்கள். ஒன்று, தானாக மறையவில்லை. மனு, வழக்கு, ஆணை, புரட்சி என்று முந்நூறு ஆண்டுகள் ஆயின. இரண்டு, அங்கே அடித்தட்டில் ஒரு கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள், மேலே சாதி ஏணி இல்லை. பெயரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனவன் கலந்துவிட முடிந்தது. இங்கே ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். ஊர் மாறினால் வாடகை வீட்டுக்காரர் சாதி கேட்கிறார்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். காகோ வழி வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் யார் என்று இன்று தெரியாது. இழிவு போனது நல்லது. கூடவே அவர்கள் தச்சுக்கான பெருமையும் போய்விட்டது. நமக்கு வேண்டியது இழிவின் ஒழிப்பு, உழைப்பின் நினைவு அல்ல.

அதனால் தோழர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். ஏரிக்கு மண் சுமந்தவர் யார், மடை திறந்தவர் யார், கோயில் தேருக்கு வடம் சுமந்தும் தொட முடியாமல் நின்றவர் யார் என்று பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். பெயரோடு எழுதுங்கள். கல்வெட்டில் ஏற்கெனவே யார் பெயர் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

ஜெய்பீம்.