திருச்சியிலிருந்து பலாலிக்கு ஒரு மணி நேரம்

எங்கள் மலையூர் பெரும்பாறையில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் கேட்பதில்லை. ‘கீழே இறங்க எவ்வளவு நேரமாகும்?’ என்றுதான் கேட்பார்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பேருந்து வளைந்து வளைந்து சித்தரேவுக்கு இறங்கி, செம்பட்டி, திண்டுக்கல் தாண்டித் திருச்சி விமான நிலையம் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடுகிறது. அங்கிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் போக ஒரு மணி நேரம் போதும் என்பதை விமானத்தில் உட்கார்ந்த பிறகும் என் மனம் நம்ப மறுத்தது.

திருச்சிக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 184 கி.மீ. திருச்சிக்காரர்களுக்குச் சென்னையே இதைவிடத் தொலைவு. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ இந்தத் தடத்தில் ஏடிஆர் 72 ரக விமானத்தை இயக்கத் தொடங்கியது. இரண்டு சுழலிகள் கொண்ட இந்தச் சிறு விமானம் நடுவானில் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அந்தக் கணக்குப்படி அரை மணிகூட வேண்டாம். ஆனால் ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, வேகம் தணித்து இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் பயண நேரம். குறுகிய தடத்தில் உச்ச வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரை முழுவதும் கண்ணுக்குக் கிடைத்தது. புதுக்கோட்டைச் சீமையின் ஏரிகள், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள், பிறகு பாக் நீரிணை. ஆழமில்லாத கடல், பச்சையும் பழுப்புமாக நிறம் மாறிக்கொண்டே வந்தது. தண்ணீரைப் பார்த்து முடிப்பதற்குள் பனைமரங்கள் தெரிந்தன.

பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். “முந்தி எண்டால் கொழும்புக்குப் போய்த்தான் வரவேணும் தம்பி. வீட்டில இருந்து வெளிக்கிட்டால் ஒரு முழு நாள் போயிடும்” என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலையில் ஏறத்தாழ 400 கி.மீ. வடக்கே இருக்கும் தமிழ்நாட்டுக்கு வர, முதலில் அவ்வளவு தூரம் தெற்கே போக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இது புது வழியல்ல. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது, பலாலி இராணுவத் தளமானது, சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் பறந்தது.

இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரு நாட்டுக்கும் ஒரே நேரம். நிலம்தான் வேறு. எங்கள் பக்கம் புல்லாவெளியில் தண்ணீர் பாறையிலிருந்து விழுகிறது. இங்கே மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய மழைநீரைக் கிணறுகளில் இறைத்து, செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கிறார்கள். இந்த வேறுபாட்டை ஒரே பகலில் பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய வியப்பு.

இந்த 184 கிலோமீட்டர் ஒருபோதும் கூடவோ குறையவோ இல்லை. வழி இருந்த காலத்தில் இரு கரையும் அக்கம்பக்கம். வழி அடைபட்டபோது அயல் தேசம். ஆகவே இந்தச் சிறு விமானம் நிற்காமல் பறக்க வேண்டும். பெரிய ஊர்களுக்கு ஆயிரம் வழி உண்டு. பக்கத்து ஊர்களுக்கு இப்படி ஒன்றிரண்டுதான் வாய்க்கின்றன.