தரை ஓட்டை மேல் டாய்லெட்டா?

முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்காகக் குளியலறையிலேயே வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க நினைப்பது நியாயம்தான். "அதான் தரையில ஏற்கெனவே ஓட்டை இருக்கே, அது மேலேயே உட்கார வெச்சிடலாம்" என்பதில்தான் வினை. சல்லடை மூடியைக் கழற்றிப் பாருங்கள். கீழே இருப்பது நஹானி ட்ராப், அதாவது குளித்த நீர் போகும் வளைவு; அதிலிருந்து போவது பெரும்பாலும் 3 அங்குலக் குழாய், சில வீடுகளில் அதற்கும் குறைவு. டாய்லெட்டுக்கு 4 அங்குலம் வேண்டும். போதாததற்கு, ட்ராப்பிலும் தண்ணீர் நிற்கும், கோப்பையின் வளைவிலும் நிற்கும். நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் ஃப்ளஷ் செய்தது இறங்காமல் தளும்பும்.

"ஒரு வாளி ஊற்றினால் சர்ரென்று போகிறதே" என்பார்கள். போவது வெறும் தண்ணீர். ட்ராப்பின் குறுகிய வளைவு அதற்கென்றே செய்தது. அதைவிட முக்கியம், குழாய் போய்ச் சேரும் இடம். பல வீடுகளில் குளித்த நீர் செப்டிக் டேங்குக்குப் போவதேயில்லை. வாழை மரத்தடிக்கோ தெருக் கால்வாய்க்கோ போகிறது. மலத்தையும் அங்கேயா விடுவது?

தரையை உடைத்தால் செலவு என்பது உண்மை. ஆனால் டாய்லெட்டின் இடத்தை வெளிச்சுவரை ஒட்டி நகர்த்தி, கழிவு பின்பக்கமாக வெளியேறும் பி-ட்ராப் கோப்பை வாங்கினால், சுவரைத் துளைத்து வெளியே 4 அங்குலக் குழாய் இழுத்துவிடலாம், தரை தப்பும். எதுவானாலும், டைல்ஸ் ஒட்டும் முன்பே பிளம்பரிடம் கேட்டுவிடுங்கள்: இந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது?